ஹோல்டனின் மடங்காத கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜே.டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அதன் கதையைச் சொல்லும் பதின்வயது நாயகன் ஹோல்டன் கால்ஃபீல்டைப் பெரியவர்களின் போலித்தனத்துக்கு எதிராகக் கொடி பிடித்த லட்சியவாதியாக நிறுத்தியிருந்தது. பள்ளி நிர்வாகத்தை எதிர்த்ததால் வெளியேற்றப்பட்டான் என்றும், மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்து கதை சொல்கிறான் என்றும் எழுதியிருந்தது. நாவலில் அப்படி இல்லை. பென்சி பள்ளி அவனை அனுப்பிவிட ஒரே காரணம் மதிப்பெண். எடுத்துக்கொண்ட ஐந்து பாடங்களில் நான்கில் தேறவில்லை. தேறிய ஒன்று ஆங்கிலம். நிர்வாகத்தை எதிர்த்து அவன் ஒரு வாக்கியம்கூடப் பேசியதாக நாவலில் இல்லை. வரலாற்று ஆசிரியர் ஸ்பென்சர் அவனுடைய விடைத்தாளையே உரக்கப் படித்துக் கூனிக்குறுக வைக்கும்போதும் வாய்க்கு வாய் ‘சார்’ போடுகிறான். கதை சொல்லும் இடமோ கலிஃபோர்னியாவில், ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் எங்கோ. காசநோய் வரும் அளவுக்கு உடம்பு கெட்டு ஓய்வுக்கு வந்ததாகச் சொல்கிறான். அங்கே ஒரு மனப்பகுப்பாய்வாளரும் கேள்வி கேட்கிறார். அது என்ன மாதிரி இடம் என்று பெயரிட்டுச் சொல்லாமல் விட்டிருக்கிறார் சாலிஞ்சர். அடைத்து வைத்தார்கள் என்பது வாசகர்கள் தாமாகப் பூட்டிய பூட்டு.

இந்தத் தகவல் பிழைகள் பெரிய குற்றமல்ல. ‘கலகக்காரன்’ என்ற முன்முடிவோடு புத்தகத்தைத் திறப்பவர்கள் அதன் பாதியைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஹோல்டன் துக்கம் காக்கிறவன். அவனுடைய கோபம், பொய், ஊர்சுற்றல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தேதி கிடக்கிறது: 1946 ஜூலை 18. அன்று அவன் தம்பி அல்லி ரத்தப் புற்றுநோயில் இறந்தான். அல்லிக்கு வயது 11, ஹோல்டனுக்கு 13. அன்றிரவு கார் கொட்டகையில் படுத்த ஹோல்டன், அதன் கண்ணாடி ஜன்னல்கள் அத்தனையையும் வெறும் முஷ்டியால் உடைத்தான். கை ஒடிந்து மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. நாவல் முழுக்கப் பக்கவாட்டில் வந்து போகும் செய்திகள் இவை. அந்தக் கையை அதற்குப் பிறகு இறுக்கி மடக்க அவனால் முடிவதில்லை. மழை பெய்தால் வலிக்கிறது. அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டரை அடிக்கப் பாய்ந்து அடி பலிக்காமல் போவதற்கும் இந்தக் கையையே காரணமாகச் சொல்கிறான். முஷ்டியை மடக்க முடியாத ஒருவனைத்தான் முஷ்டி உயர்த்திய கலகக்காரனாகச் சுவரொட்டியில் வரைந்துகொண்டிருக்கிறோம்.

முதல் ஐந்து அத்தியாயங்களை ஒரு பென்சிலோடு மறுபடி படித்துப் பார்க்கலாம். இரண்டாம் அத்தியாயத்தில் வரலாற்றுத் தேர்வு. எகிப்தியரைப் பற்றி அவனுக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று: இறந்தவரைத் துணியில் சுற்றி, நூற்றாண்டுகள் ஆனாலும் முகம் அழுகாமல் வைத்திருந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் தங்கியிருக்கும் விடுதிப் பகுதிக்கு ஆசன்பெர்கர் என்பவரின் பெயர். அந்த மனிதர் பணம் சேர்த்தது சவ அடக்கத் தொழிலில். ஆளுக்கு ஐந்து டாலரில் காரியத்தை முடித்துவிடும் மலிவுக் கடைகளை நாடெங்கும் நடத்துபவர். அவர் பிணங்களை மூட்டையில் போட்டு ஆற்றில் தள்ளிவிடுவார் போலிருக்கிறது என்று ஹோல்டன் கேலி செய்கிறான். நாமும் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஐந்தாம் அத்தியாயத்தில்தான் அல்லியின் பேஸ்பால் கையுறை வருகிறது. இடக்கைக்காரனான அல்லி, ஆட்டத்தில் பந்து வராத நேரத்தில் படிப்பதற்காகக் கையுறை முழுவதும் பச்சை மையில் கவிதைகள் எழுதி வைத்திருந்தான். மம்மி, சவக்கடைக்காரர், கையுறை என்று வரிசை இருக்கிறது. இறந்தவரை எப்படிக் கெடாமல் வைத்துக்கொள்வது என்ற கேள்வி, தம்பியின் பெயர் வருமுன்பே தொடங்கிவிட்டது. சென்ட்ரல் பார்க் குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகின்றன என்று டாக்ஸி ஓட்டுநர்களைத் துளைத்தெடுப்பதும் இதே கேள்விதான். அதைக் குழந்தைத்தனமான ஆர்வம் என்று வகுப்பில் சொல்லிக் கடந்துபோவது வழக்கம். பாவம், ஹார்விட்ஸ் என்ற ஓட்டுநர் மட்டும் வாத்தை விட்டுவிட்டு மீனைப் பற்றியாவது கோபத்தோடு பதில் சொல்கிறார்: மீன்கள் எங்கும் போவதில்லை, பனிக்கட்டிக்குள்ளேயே இருக்கின்றன என்று.

இந்த நாவலை மாணவர்களோடு படிப்பவர்கள் கருப்பொருள், குறியீடு என்று தொடங்க வேண்டாம். ஒரு நாட்காட்டியும் ஒரு கணக்குப் புத்தகமும் போதும். கதை நடப்பது கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை பிற்பகலிலிருந்து திங்கட்கிழமை பிற்பகல் வரை, ஏறத்தாழ 48 மணி நேரம். மொத்தம் 26 அத்தியாயங்கள். சனி இரவு முடிவதற்குள் 14 அத்தியாயங்கள் தீர்ந்துவிடுகின்றன. திங்கட்கிழமைக்கு மிஞ்சுவது 25ஆம் அத்தியாயம் ஒன்றே; 26ஆவது அரைப்பக்கச் சொச்சம். எந்த ஆண்டு என்று எங்கும் சொல்லப்படவில்லை. 1946 ஜூலையில் 13 வயது, கதை நடக்கையில் 16 வயது என்பதைக் கொண்டு கணக்கிட்டால் 1948 அல்லது 1949 டிசம்பர் வரும். 1949 என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் தம்பி இறந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. ஆற இன்னும் எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாவல் பதில் வைத்திருக்கவில்லை.

கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். ஹோல்டன் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது கையில் காசு புரள்கிறது. பாட்டி மறதியில் வருடத்துக்கு நாலு முறை பிறந்தநாள் பணம் அனுப்புவாள். போதாததற்கு ஏறக்குறைய 90 டாலர் விலையுள்ள தட்டச்சு இயந்திரத்தை 20 டாலருக்குத் தள்ளிவிடுகிறான். பிறகு செலவைக் கவனியுங்கள். நியூயார்க்கில் தங்கும் ஹோட்டலின் லிஃப்ட்காரன் மாரிஸ் ஐந்து டாலர் என்று பேசி அனுப்பிய பெண்ணுக்கு, தொடாமலே ஐந்து கொடுக்கிறான். அவர்கள் இருவருமாகத் திரும்பி வந்து இன்னும் ஐந்தைப் பிடுங்கிக்கொண்டு அடிக்கிறார்கள். மறுநாள் காலை இரண்டு கன்னியாஸ்திரீகளுக்கு 10 டாலர் கொடுத்துவிட்டு, பத்துதானா கொடுத்தோம் என்று வருந்துகிறான். தங்கை ஃபீபிக்கு ஓர் இசைத்தட்டு 5 டாலர். அதுவும் பூங்காவில் விழுந்து சுக்குநூறாகிறது. ஞாயிறு இரவு குளக்கரையில் உட்கார்ந்து எண்ணும்போது மூன்று ஒரு டாலர் தாள், ஐந்து கால் டாலர், ஒரு ஐந்து சென்ட் நாணயம்: 4 டாலர் 30 சென்ட். நாணயங்களை மட்டும் உறையாத தண்ணீரில் தவளைக்கல் எறிவதுபோல் எறிகிறான். மிச்சம் 3 டாலர். அன்றிரவே ஃபீபி தன் கிறிஸ்துமஸ் சேமிப்பு 8 டாலர் 65 சென்ட்டை அவன் கையில் வைக்கிறாள். அவன் அங்கே உடைந்து அழுகிறான். திங்கட்கிழமை குடை ராட்டினத்துக்கு அருகே மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், நீயே எனக்காக வைத்திரு என்கிறாள். இந்த வரவு செலவைக் கரும்பலகையில் எழுதினால் போதும். பணம் எங்கெல்லாம் அவனைக் காயப்படுத்துகிறது, எந்த ஒரே இடத்தில் இல்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தொலைபேசியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். நியூயார்க்கில் பென் ஸ்டேஷனில் இறங்கியதும் அவன் செய்யும் முதல் வேலை தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைவது. இருபது நிமிடம் நிற்கிறான். யாரையும் அழைக்காமல் வெளியே வருகிறான். மனதுக்கு நெருக்கமான தோழி ஜேன் கல்லாகரை அழைக்கும் எண்ணம் நாவல் நெடுக வருகிறது. ஒருமுறை அவள் அம்மா எடுத்ததும் வைத்துவிடுகிறான், இன்னொருமுறை யாரும் எடுப்பதில்லை. அந்தப் பெண் நாவலில் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை.

‘போலி’ என்ற சொல்லுக்கு வருவோம், ஏனென்றால் தங்கள் கட்டுரையின் முழு பாரமும் அதன் மேல்தான். அவன் எல்லோரையும் போலி என்கிறான் என்பது சரி. ஆனால் தன்னைவிடக் கைதேர்ந்த பொய்யனைப் பார்க்க முடியாது என்றும் அவனே சொல்லிவிடுகிறான். ரயிலில் சகமாணவனின் தாயிடம் விடுதித் துப்புரவுப் பணியாளரின் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறான். மூளையில் கட்டி, அறுவைச் சிகிச்சைக்குப் போகிறேன் என்கிறான். சினிமாவைத் திட்டுகிறவன், மாரிஸிடம் அடி வாங்கியதும் வயிற்றில் குண்டு பாய்ந்த சினிமா நாயகனாகத் தள்ளாடி நடந்து பார்க்கிறான். இதைச் சாலிஞ்சரின் முரண்பாடு என்று குறை சொல்லும் விமர்சனமும் உண்டு. அதுதான் தொழில்நுட்பம். சொல்பவன் நம்பத்தகாதவன் என்பதைச் சொல்பவனே ஒப்புக்கொண்டுவிட்டால், வாசகர் அவன் தீர்ப்புகளை விட்டுவிட்டு அவன் செய்கைகளைக் கவனிக்கத் தொடங்குவார். அப்படிக் கவனித்தால் ஒன்று தென்படும்: யாரைப் போலி என்கிறானோ அவர்களுக்காகவும் அடுத்த வரியில் வருத்தப்படுகிறான்.

பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளையின் புலம்பல் என்ற பழைய குற்றச்சாட்டையும் கட்டுரையாளர் தொட்டிருந்தார். அப்பா பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர், உண்மைதான். இதற்கான பதிலைப் பெட்டிகளில் வைத்திருக்கிறார் சாலிஞ்சர். முன்பு படித்த எல்க்டன் ஹில்ஸ் பள்ளியில் டிக் ஸ்லேகிள் என்ற அறைத்தோழனிடம் மட்டமான பெட்டிகள். ஹோல்டனிடம் மார்க் கிராஸ் தோல்பெட்டிகள். ஸ்லேகிளுக்குத் தாழ்வாக இருக்கக் கூடாதென்று ஹோல்டன் தன் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறான். ஸ்லேகிள் அவற்றை எடுத்து மறுபடி மேலே வைக்கிறான், பார்க்கிறவர்கள் தன்னுடையவை என்று நினைக்கட்டும் என்று. இவனுடைய பெருந்தன்மையால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டு மாதத்தில் இருவரும் வேறு வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். வர்க்கத்தைப் பற்றி இதைவிடக் குறைந்த இடத்தில் இதைவிட அதிகம் சொன்ன நாவல்கள் அதிகமில்லை.

அடுத்து அந்தப் பிரசித்தி பெற்ற கனவு: ரை என்ற தானியத்தின் வயலில் விளையாடும் குழந்தைகள் மலைவிளிம்பில் விழாமல் பிடித்துக்கொள்ளும் வேலை. இதைத் தனியே பிய்த்து எடுத்து, குழந்தைமையின் தூய்மையைக் காக்கும் லட்சியம் என்று எழுதிவிடுகிறோம். 22ஆம் அத்தியாயத்தில் அது எதற்குப் பின்னால் வருகிறது என்று பார்க்க வேண்டும். உனக்குப் பிடித்த ஒன்றைச் சொல் என்று ஃபீபி கேட்கிறாள். அவனுக்கு நினைவு வருவது ஜேம்ஸ் காஸில். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற மறுத்து, சகமாணவர்களின் கொடுமையில் ஜன்னல் வழியே குதித்து இறந்த பையன். இறக்கும்போது அவன் போட்டிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். அவன் விழுந்த சத்தம் கேட்டபோது ஹோல்டன் குளித்துக்கொண்டிருந்தான். வானொலிப் பெட்டியோ மேசையோ விழுந்ததாக நினைத்தான். பிறகு வாய்விட்டுச் சொல்லும் பதில் ‘அல்லி’. அல்லிதான் இறந்துவிட்டானே என்கிறாள் தங்கை. இந்த இரண்டு சாவுகளுக்கும் பிறகுதான் பிடிக்கும் வேலை வருகிறது. ஒன்றில் விழும் ஓசையைத் தப்பாகக் கேட்டவன், இன்னொன்றில் அடக்கத்துக்கும் போக முடியாதவன்: இரண்டு முறை தாமதமாகிவிட்டவன் கேட்கும் உத்தியோகம் அது.

அந்த உத்தியோகத்தை அவன் விடும் இடம் 25ஆம் அத்தியாயம். குடை ராட்டினத்தில் பிள்ளைகள் தங்க வளையத்தை எட்டிப் பிடிக்க முயல்கிறார்கள், ஃபீபியும்தான். விழுந்தால் விழட்டும், ஒன்றும் சொல்லக் கூடாது என்று பேசாமல் இருக்கிறான். பிறகு மழை கொட்டுகிறது. அங்கிருந்த பெற்றோர்கள் எல்லாம் ராட்டினத்தின் கூரைக்கு அடியில் ஓடுகிறார்கள். அவன் மட்டும் பெஞ்சில் நனைகிறான். இதை ‘மகிழ்ச்சியான முடிவு’ என்று மட்டும் படித்தால் 20ஆம் அத்தியாயத்தை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். அங்கே அல்லியின் கல்லறைக்குப் போன நாள் வருகிறது. மழை பிடித்ததும் வந்தவர்கள் எல்லாம் கார்களுக்கு ஓடினார்கள், வானொலி போட்டுக்கொண்டு, நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடப் போகலாம். அல்லி மட்டும் அங்கேயே இருந்தான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஐந்து அத்தியாயம் கழித்து அதே மழை, அதே ஓட்டம். இம்முறை ஓடாமல் உட்கார்ந்திருப்பவன் ஹோல்டன். மழை பெய்தால் கை வலிக்கும் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் சொன்னவன் அதை இங்கே சொல்வதில்லை. நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சாலிஞ்சரின் வரலாற்றிலும் இதற்கு ஓர் ஆதாரம் உண்டு. நாவல் 1951 ஜூலை 16இல் வந்தது. ஆனால் ஹோல்டன் அதற்குப் பத்தாண்டு மூத்தவன். அவனைப் பற்றிய ஒரு கதையை ‘தி நியூயார்க்கர்’ 1941இல் ஏற்றுக்கொண்டு, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் நிறுத்தி வைத்து, 1946 டிசம்பரில்தான் வெளியிட்டது. இடையில் சாலிஞ்சர் நார்மண்டியில் கரையிறங்கிப் போரின் கடைசிவரை இருந்தார். 1944, 1945இல் அவர் அச்சிட்ட சில கதைகளில் ஹோல்டன் போரில் காணாமல் போன வீரன். அவனுக்காகத் துயரப்படுவது அண்ணன். நாவலில் இது தலைகீழாகிறது: ஹோல்டன் உயிரோடு இருக்கிறான், துயரப்படும் அண்ணன் அவன்தான். வளமான ஐம்பதுகளின் சலித்துப்போன இளைஞன் என்ற சமூகவியல் விளக்கத்தைவிட இது புத்தகத்துக்கு நெருக்கமானது. 1980 டிசம்பர் 8இல் ஜான் லெனனைச் சுட்டவன் கையில் இந்தப் புத்தகம் இருந்ததைக் கட்டுரை இரண்டு பத்தி விரித்திருந்தது. அது கொலைகாரனைப் பற்றிய செய்தி, நாவலைப் பற்றியது அல்ல.

கடைசியாக மொழிபெயர்ப்பு. இதைத் தமிழில் செய்ய நினைப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது நடை. எழுத்துத் தமிழில் ஹோல்டன் செத்துவிடுவான். முழுக்கப் பேச்சுத்தமிழ் வேண்டும். வாசகரை ‘நீ’ என்பதைவிட ‘நீங்க’ பொருந்தும்: கேட்பது முன்பின் தெரியாத ஆள், இவன் ‘சார்’ போட்டு வளர்ந்த பையன். ‘போலி’ என்ற சொல் சற்று வறட்சியானது. பம்மாத்து, பாவ்லா, பீத்தல் என்று ஆளுக்குத் தக்கபடி மாற்றும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. அவனிடம் இருப்பது ஒரே சொல், அதன் தேய்வுதான் பொருள். ‘பம்மாத்து’ என்று ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதுவே வர வேண்டும். வாக்கியத்தின் வாலில் அவன் ஒட்டும் ‘அது இது எல்லாம்’ என்ற ஒட்டுக்குத் தமிழின் இரட்டைக் கிளவி போன்ற ‘அப்பா கிப்பா’, ‘பள்ளிக்கூடம் கிள்ளிக்கூடம்’ கைகொடுக்கும்போல் தோன்றும். பாதி இடங்களில் கொடுக்கும். ஆனால் அல்லி இறந்த இரவைச் சொல்லும்போதும், மழையில் கை வலிப்பதைச் சொல்லும்போதும் அதே ஒட்டு வருகிறது. அங்கே ‘மழை கிழை’ என்றால் ஏளனம் ஏறிவிடும். ‘எல்லாம்’ மட்டும் போதும்.

தலைப்புதான் பெரிய சிக்கல்: ‘ரை வயலில் பிடிப்பவன்’ என்ற அது, மாறிப்போன ஒரு பாட்டு வரியிலிருந்து வருகிறது. ராபர்ட் பர்ன்ஸின் பாடலில் இருப்பது ‘சந்தித்தால்’, தெருவில் ஒரு சிறுவன் பாடியது ஹோல்டன் நினைவில் ‘பிடித்தால்’ என்று நிற்கிறது, ஃபீபி திருத்துகிறாள். ரஷ்ய மொழிபெயர்ப்பு மலைவிளிம்பைத் தலைப்புக்குக் கொண்டுவந்தது, பிரெஞ்சு இதயத்தைக் கொண்டுவந்தது. தமிழில் காதுக்குத் தப்பக்கூடிய ஒரு ஜோடி இருக்கிறது: ‘ஆளை ஆள் பார்த்தால்’, ‘ஆளை ஆள் காத்தால்’. பேஸ்பாலில் பந்து பிடிப்பவன் என்ற பொருள் இதில் போய்விடும். அது நஷ்டம்தான், ஏனென்றால் சிவப்புத் தொப்பியின் முனையை அவன் பின்னுக்குத் திருப்பிப் போடுவது பந்து பிடிப்பவனைப் போல, தம்பியிடம் இருந்ததும் பந்து பிடிக்கும் கையுறை. ‘காத்தால்’ என்பதில் படைத்தல், காத்தல் என்ற தெய்வக் கனமும் சேரும். பேச்சில் ‘காத்தால’ என்றால் காலை என்ற குழப்பமும் உண்டு. இருந்தாலும் தவறாகக் கேட்கத் தக்கதாக இருப்பதுதான் இங்கே முக்கியம். ஃபீபியின் திருத்தம் அறிவுரைபோல் ஒலிக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை, பாட்டில் ஒரு சொல்லை அண்ணன் மாற்றிச் சொல்லிவிட்டான் என்பதற்காகச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்